நிலவில் இறங்கியது உண்மையா? கொடியை விட்டுவிட்டுக் கல்லைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: 1969-ல் அமெரிக்கர்கள் நிலவில் இறங்கியது உண்மையா, ஸ்டுடியோவில் எடுத்த படமா? காற்றே இல்லாத இடத்தில் கொடி ஆடுகிறது, வானத்தில் ஒரு நட்சத்திரம்கூட இல்லை, முதலில் இறங்கியவரைப் படம் எடுத்தது யார்? 2019-ல் நம் விக்ரம் லேண்டரே விழுந்து நொறுங்கியிருக்கிறது, கால்குலேட்டர் மாதிரி ஒரு கணினியை வைத்துக்கொண்டு அவர்கள் எப்படி இறங்கியிருக்க முடியும்?

இறங்கினார்கள். இந்திய நேரப்படி 1969 ஜூலை 21 அதிகாலை 1:47-க்கு அப்பல்லோ 11 பயணத்தின் ஈகிள் கலம் தரையைத் தொட்டது. காலை 8:26-க்கு நீல் ஆர்ம்ஸ்ட்ராங் கால் வைத்தார். சந்தேகப்படுகிறவர்கள் அப்பல்லோ 11-ஐப் பற்றி மட்டுமே பேசுவார்கள். அதற்குப் பிறகு 1972 டிசம்பருக்குள் இன்னும் ஐந்து முறை இறங்கினார்கள், மொத்தம் 12 பேர் அங்கே நடந்தார்கள் என்பது பேச்சில் வரவே வராது. பொய் என்றால் ஆறு முறை பொய் சொல்லியிருக்க வேண்டும். நடுவில் அப்பல்லோ 13 என்று ஒரு தோல்வியையும் சேர்த்து நடித்திருக்க வேண்டும்.

சந்தேகம் வந்ததில் வியப்பில்லை. வியட்நாம் போரைப் பற்றியும் வாட்டர்கேட் பற்றியும் அமெரிக்க அரசு சொன்ன பொய்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்த காலம் அது. 1976-ல் பில் கேசிங் என்பவர் இது முழுக்க ஏமாற்று வேலை என்று சொந்தச் செலவில் ஒரு புத்தகம் போட்டார். ராக்கெட் எஞ்சின் செய்த நிறுவனமொன்றில் தொழில்நுட்ப ஆவணங்கள் எழுதும் வேலையில் இருந்து 1963-லேயே விலகியவர் அவர். 1999-ல் காலப் நிறுவனம் கருத்துக்கணிப்பு எடுத்தபோது அமெரிக்கர்களில் 6 சதவீதம் பேர்தான் இது நாடகம் என்றார்கள். 2001-ல் ஒரு அமெரிக்கத் தொலைக்காட்சி இதை வைத்து ஒரு மணி நேர நிகழ்ச்சி போட்டது. இன்று உங்கள் வாட்ஸ்அப்பில் வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் அந்த நிகழ்ச்சியில் கேட்கப்பட்டவைதான்.

படங்களைப் பற்றிய கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். இவை சுலபமானவை. காற்றில்லாத இடத்தில் கொடி தொங்கிவிடும் என்று தெரிந்துதான் மேல்விளிம்பில் ஒரு குறுக்குக் கம்பியைக் கோத்து அனுப்பினார்கள். அப்பல்லோ 11-ல் அந்தக் கம்பி முழுதாக நீளவில்லை, அதனால் துணி சுருங்கி அலை அலையாக நின்றது. கம்பத்தை அவர்கள் கையால் திருகி ஊன்றும்போது கொடி ஆடியது உண்மை. கையை எடுத்த பிறகு எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள், அதே மடிப்பு அதே இடத்தில் இருக்கும்.

நட்சத்திரம் இல்லாததற்குக் காரணம் கேமராவின் எக்ஸ்போஷர். அங்கே அப்போது பகல். சூரிய வெளிச்சத்தில் பளீரென்று இருக்கும் வெள்ளை உடையையும் தரையையும் நொடியில் 250-ல் ஒரு பங்கு நேரத்தில் படம் பிடிக்கும் கேமராவில் மங்கலான நட்சத்திரம் பதியாது. சேப்பாக்கத்தில் இரவு ஆட்டத்தை விளக்கொளியில் படம் எடுத்தால் மேலே வானம் வெறும் கறுப்பாகத்தான் விழும், அதே கதைதான்.

முதலில் இறங்கியவரைப் படம் எடுத்தது யார்? யாரும் இல்லை. ஈகிளின் பக்கவாட்டில் மடித்து வைத்திருந்த ஒரு தட்டில் தொலைக்காட்சிக் கேமராவைப் பொருத்தியிருந்தார்கள். ஏணியில் இறங்கும்போது ஆர்ம்ஸ்ட்ராங் ஒரு கயிற்றை இழுத்தார், தட்டு விரிந்தது, கேமரா வெளியே வந்தது. அது தலைகீழாகப் பொருத்தப்பட்டிருந்ததால் முதல் சில நொடிகள் படம் தலைகீழாகவே வந்தது. இறங்கிய பிறகு புகைப்படக் கேமரா பெரும்பாலும் ஆர்ம்ஸ்ட்ராங் கையிலேயே இருந்தது. அதனால் உலகப் புகழ் பெற்ற அந்தப் படத்தில் நிற்பவர் அவரோடு இறங்கிய ஆல்ட்ரின். ஆர்ம்ஸ்ட்ராங் அதில் ஆல்ட்ரினின் முகக்கண்ணாடிப் பிரதிபலிப்பில் ஒரு சிறு உருவமாகத்தான் தெரிகிறார். நிலவில் முதலில் கால் வைத்தவருக்கே உருப்படியான புகைப்படம் ஒன்றிரண்டுதான் இருக்கிறது. ஸ்டுடியோவில் எடுத்திருந்தால் எந்த இயக்குநராவது கதாநாயகனை இப்படி விட்டுவிடுவாரா?

ஆர்ம்ஸ்ட்ராங்கின் உடை அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதன் அடிப்பாகத்துக்கும் நிலவில் பதிந்த தடத்துக்கும் பொருந்தவில்லை என்று ஒரு படம் சுற்றுகிறது. தடம் பதித்தது மேலே போட்டுக்கொண்ட தனிக் காலணி. எடையைக் குறைக்க அதை அங்கேயே கழற்றிப் போட்டுவிட்டு வந்தார்கள். எஞ்சினுக்குக் கீழே பள்ளம் இல்லையே என்று கேட்டால், அதை ஆர்ம்ஸ்ட்ராங்கே இறங்கியவுடன் வானொலியில் சொன்னார். இறங்கும் நேரத்தில் எஞ்சின் வேகத்தைக் குறைத்திருந்தார்கள், அகலமான வாயிலிருந்து வரும் வாயு விரிந்து பரவிவிடும். மேலே இருந்த தூள் பறந்தது, அடியில் இருந்த இறுகிய மண் அப்படியே நின்றது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். படங்களை வைத்து ஆம் என்று நிரூபிக்கவும் முடியாது, இல்லை என்று நிரூபிக்கவும் முடியாது. நிழல் கோணலா நேரா என்று ஐம்பது வருடமாக இரண்டு தரப்பும் அடித்துக்கொள்வது எனக்கு வீண் வேலையாகவே படுகிறது. படத்தைப் போலியாகச் செய்யலாம். 1969-ல் போலியாகச் செய்ய முடியாத பொருள் ஒன்று இருக்கிறது, அது கல்.

ஆறு பயணங்களில் கொண்டுவந்தது 382 கிலோ கல்லும் மண்ணும். அப்பல்லோ 11 மட்டும் சுமார் 21.5 கிலோ. இது நாசாவின் பெட்டகத்தில் பூட்டி வைத்த பொருள் இல்லை. ஆய்வு செய்யக் கேட்ட பல நாட்டு ஆய்வகங்களுக்குப் பகிர்ந்து கொடுத்தார்கள், இன்றும் கொடுக்கிறார்கள். பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையத்திலும் பிறகு அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்திலும் தேவேந்திர லால் தலைமையில் நம் ஆட்கள் அந்தக் கல்லில் அண்டக் கதிர்கள் பதித்த தடங்களை ஆராய்ந்தார்கள்.

அந்தக் கல்லில் என்ன விசேஷம்? பூமியின் பாறைகளில் சாதாரணமாக இருக்கும் நீர் கலந்த கனிமங்கள் அதில் இல்லை. மேற்பரப்பில் மணல் துகளைவிடச் சிறிய விண்கற்கள் மோதி உண்டாக்கிய, கண்ணாடியாக உருகிய நுண்குழிகள் இருக்கின்றன. நம் வளிமண்டலம் அந்தத் துகள்களைத் தரைக்கு வரவே விடாது. கோடிக்கணக்கான ஆண்டுகள் அண்டக் கதிரில் வெந்த அடையாளமாகச் சில ஐசோடோப்புகள், அதாவது ஒரே தனிமத்தின் வேறு எடை கொண்ட அணுக்கள், இருக்கின்றன. அப்பல்லோ 11 கொண்டுவந்த எரிமலைக் கற்களின் வயது சுமார் 360 கோடி முதல் 390 கோடி ஆண்டுகள். இவை அத்தனையையும் ஒரே கல்லில் சேர்த்துச் செய்ய 1969-ல் எந்த ஆய்வகத்துக்கும் வழி தெரியாது. சேர்க்க வேண்டியவை எவை என்பதே அப்போது முழுதாகத் தெரியாது.

அப்படியானால் அண்டார்டிகாவில் விழுந்த நிலா விண்கற்களைப் பொறுக்கி வந்திருப்பார்கள் என்று ஒரு வாதம். அப்பல்லோவின் ராக்கெட்டை உருவாக்கிய வெர்னர் வான் பிரவுன் 1967 வாக்கில் அண்டார்டிகா போனார் என்பது உண்மை, அதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், அண்டார்டிகாவில் கிடைத்த ஒரு விண்கல் நிலவிலிருந்து வந்தது என்று முதன்முதலாக 1982-ல்தான் கண்டுபிடித்தார்கள். எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அப்பல்லோ கற்களோடு ஒப்பிட்டுத்தான். மேலும் விண்கல் நம் காற்றைக் கிழித்து வரும்போது அதன் மேல்தோல் எரிந்து உருகிவிடும், நுண்குழிகள் மிஞ்சாது.

நெதர்லாந்து அருங்காட்சியகத்தில் இருந்த நிலாக்கல் வெறும் மரக்கல்லாக, அதாவது கல்லாக இறுகிய மரமாக, இருந்ததே என்றும் கேட்பார்கள். 2009-ல் வந்த செய்தி அது, உண்மைதான். முன்னாள் பிரதமர் ஒருவருடைய உடைமைகளோடு வந்த கல் அது. நாசா நாடுகளுக்குப் பரிசாகக் கொடுத்தவை பலகையில் பதித்த மிகச் சிறிய துணுக்குகள், அந்த நாட்டுக்குக் கொடுத்தவை வேறொரு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. உள்ளங்கை அளவுக் கல்லை யாரும் சும்மா தூக்கிக் கொடுக்கவில்லை.

கல் விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிதான் வருகிறது. அப்பல்லோ 11 இறங்கியது கறுத்த எரிமலைக் குழம்பு உறைந்த சமவெளியில். ஆனால் அள்ளிவந்த மண்ணைச் சலித்தபோது அங்கங்கே வெள்ளைத் துணுக்குகள் கிடைத்தன. அனார்த்தோசைட் என்ற பாறை அது. இது இங்கே எப்படி வந்தது என்று யோசித்த விஞ்ஞானிகள் 1970-ல் ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள்: நிலவு பிறந்தபோது அதன் மேற்பகுதி முழுவதும் உருகிய கற்குழம்புக் கடலாக இருந்தது, எடை குறைந்த வெள்ளைக் கனிமம் மேலே மிதந்து உறைந்து மேலோடாகியது, தூரத்து மேட்டு நிலத்திலிருந்து மோதல்களில் சிதறி வந்தவைதான் இந்தத் துணுக்குகள். அப்படியானால் நிலவின் மேட்டு நிலம் எங்கே தொட்டாலும் இதே பாறைதான் இருக்க வேண்டும். 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3-ன் பிரக்யான் ஊர்தி, அதுவரை யாரும் இறங்காத தென்துருவ வட்டாரத்தில், சுமார் 69 பாகை தெற்கில், நூறு மீட்டர் தூரம் ஊர்ந்து 23 இடங்களில் மண்ணை அளந்தது. 2024-ல் முடிவு வெளியானது: இரும்பு கலந்த அனார்த்தோசைட் வகை, கற்குழம்புக் கடல் கருத்துக்குப் பொருந்துகிறது. ஸ்டுடியோ மண்ணை வைத்துச் சொன்ன ஊகம் ஐம்பது வருடம் கழித்து, வேறு நாட்டுக்காரர்களின் கருவியில், நிலவின் வேறொரு மூலையில் சரியாக வராது.

இதில் நாமக்கல்லுக்கும் பங்கு உண்டு. சந்திரயானின் சக்கரத்தையும் கால்களையும் சோதிக்க நிலவு மண் வேண்டும் என்றபோது இஸ்ரோ பரமத்தி வேலூர் பக்கம் சித்தம்பூண்டியில் கிடைக்கும் அனார்த்தோசைட்டை அரைத்துச் செயற்கை மண் செய்தது. அது நிலவு மண் போல இருக்கிறதா என்று எதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள் என்றால், அப்பல்லோ 16 கொண்டுவந்த மேட்டு நில மண்ணோடு. போலி மண் செய்வதற்கும் அசல் தேவைப்பட்டது.

அடுத்தது சோவியத் யூனியன். அவர்கள் ஏன் சும்மா இருந்தார்கள் என்ற கேள்விக்குப் பலரும் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் இருந்த அதே நேரத்தில் சோவியத்தின் லூனா 15 என்ற ஆளில்லாக் கலம் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. அமெரிக்கர்களுக்கு முன்னால் கொஞ்சம் மண்ணை அள்ளி வந்துவிட வேண்டும் என்பது திட்டம். இருவரும் கிளம்புவதற்குச் சில மணி நேரம் முன்பு அது நிலவில் மோதி நொறுங்கியது. இங்கிலாந்தின் ஜாட்ரல் பாங்க் வானொலித் தொலைநோக்கி நிலையம் லூனா 15-ஐயும் ஈகிளையும் ஒரே சமயத்தில் பின்தொடர்ந்துகொண்டிருந்தது. வானொலி அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை மறைக்க முடியாது. அமெரிக்காவின் லூயிவில் நகரில் ஒரு வானொலி ஆர்வலர் தானே செய்த ஆன்டெனாவை நிலவை நோக்கித் திருப்பி அவர்கள் பேச்சைக் கேட்டார். இதையெல்லாம் சோவியத் நிலையங்கள் கவனிக்கவில்லை என்றால் நம்பவா முடியும்?

அவர்களிடம் மறைக்க வேண்டிய சங்கதி வேறு இருந்தது. அப்பல்லோ 11 கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பு, ஜூலை 3-ஆம் தேதி, அவர்களுடைய ராட்சத என்1 ராக்கெட் ஏவுதளத்திலேயே விழுந்து வெடித்தது. 1969 முதல் 1972 வரை நான்கு முறை ஏவினார்கள், நான்கும் தோல்வி. நாங்கள் நிலவுப் போட்டியிலேயே இல்லை என்று 1980களின் இறுதி வரை சாதித்தார்கள். எதிரி பொய் சொல்கிறான் என்று காட்ட ஒரு சின்னத் துரும்பு கிடைத்திருந்தால் விட்டிருப்பார்களா? மாறாக 1970-ல் லூனா 16 மூலம் 101 கிராம் நிலவு மண் கொண்டுவந்ததும், 1971-ல் அமெரிக்கர்களோடு மண்ணுக்கு மண் பரிமாறிக்கொண்டார்கள். சோவியத் தரப்பில் நிலவில் இறங்கப் பயிற்சி எடுத்த அலெக்ஸெய் லியோனவ், அப்பல்லோவைப் பொய் என்பவர்களைக் கடைசிக் காலத்திலும் கிண்டல்தான் செய்தார்.

இறங்கியது உண்மை என்று வாதாடுகிறவர்கள் அடிக்கடி எடுத்துவிடும் ஒன்று லேசர் கண்ணாடி. அப்பல்லோ 11 விட்டுவந்த 100 சிறு பட்டகங்கள் கொண்ட தட்டில் இன்றும் லேசரை அடித்து எதிரொளியைப் பிடிக்கிறார்கள், அதை வைத்துத்தான் நிலவு வருடத்துக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது என்று அளக்கிறார்கள். அழகான சோதனைதான். ஆனால் மனிதன் போனதற்கு இது மட்டும் சாட்சி ஆகாது. சோவியத்தின் லூனகாட் ஊர்திகளிலும் இதே போன்ற கண்ணாடிகள் இருக்கின்றன, அவற்றை எந்த மனிதனும் கொண்டுபோய் வைக்கவில்லை. நம் பக்கத்து வாதம் என்பதற்காக ஓட்டை வாதத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டாம்.

அதைவிட நேரடியான சாட்சி மேலிருந்து எடுத்த படங்கள். 2009 முதல் நிலவைச் சுற்றும் நாசாவின் எல்ஆர்ஓ கலம் ஆறு இடங்களையும் படம் எடுத்திருக்கிறது. நடந்த தடம்கூட மெல்லிய கோடாகத் தெரிகிறது. நாசா எடுத்ததை நாசாவே சொன்னால் எப்படி என்பீர்கள். சரி, 2021-ல் நம் சந்திரயான்-2 சுற்றுக்கலனின் கேமராவிலும் அங்கேயே விட்டுவந்த ஈகிளின் கீழ்ப்பகுதி நிழலோடு விழுந்திருக்கிறது. ஜப்பானின் ககுயா கலம் அப்பல்லோ 15 இறங்கிய இடத்தில் எஞ்சின் வாயு தரையை வெளிறச் செய்திருந்ததைக் கண்டது. ஹப்பிள் தொலைநோக்கியால் ஏன் பார்க்க முடியவில்லை என்றால், இங்கிருந்து அதன் பார்வையில் நிலவில் ஒரு புள்ளி என்பது சுமார் 90 மீட்டர். ஈகிளின் கால்களோடு சேர்த்து அகலம் 9 மீட்டர்தான்.

இப்போது விக்ரம் கேள்வி. இதை நான் நல்ல கேள்வி என்பேன். 2019 செப்டம்பரில் விக்ரமின் எஞ்சின்கள் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாக உந்தின, மென்பொருளால் அதை உரிய நேரத்தில் சரிசெய்ய முடியவில்லை. கலத்துக்குள் ஆள் இல்லை. ஈகிளிலும் கணினி திணறியது, 1202 என்ற எச்சரிக்கை திரும்பத் திரும்ப அடித்தது. அது கொண்டுபோய் இறக்கப் பார்த்த இடமோ பாறைகள் சிதறிய ஒரு பள்ளம். ஆர்ம்ஸ்ட்ராங் சன்னல் வழியாகப் பார்த்தார், கட்டுப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கலத்தைத் தாண்டிக் கொண்டுபோனார், ஒரு நிமிடத்துக்கும் குறைவான எரிபொருள் மிச்சம் இருக்கும்போது இறக்கினார். அவர் சோதனை விமானி. பெரிய கணக்குகளையெல்லாம் பூமியில் இருந்த பெரிய கணினிகள் போட்டு அனுப்பின, கலத்தில் இருந்த பெட்டிக்குக் கலத்தை வழிநடத்தும் வேலைதான்.

அப்புறம், அமெரிக்கர்கள் மட்டும் விழாமல் போய்விடவில்லை. அவர்களுடைய ஆளில்லா ரேஞ்சர் கலங்களில் முதல் ஆறும் தோற்றன. அதேபோல் ஆளில்லாத ஏழு சர்வேயர் லேண்டர்களில் ஐந்துதான் தப்பின. அதில் 1967-ல் இறங்கிய சர்வேயர் 3-க்கு 200 மீட்டருக்குள் 1969 நவம்பரில் அப்பல்லோ 12 போய் இறங்கி, அதன் கேமராவைக் கழற்றிக்கொண்டு வந்தது. இரண்டரை வருடம் நிலவில் கிடந்த அந்தக் கேமரா இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் இருக்கிறது.

பூமியைச் சுற்றியிருக்கும் வான் ஆலன் கதிர்வீச்சு வளையத்தைத் தாண்டினால் செத்திருப்பார்களே என்பதற்குப் பதில் சின்னது. அடர்த்தியான நடுப்பகுதியை ஒதுக்கி, விளிம்பு வழியாகச் சில மணி நேரத்தில் கடந்தார்கள். அப்பல்லோ 11 குழு மொத்தப் பயணத்திலும் வாங்கிய கதிர்வீச்சு சராசரியாக 0.18 ராட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு), வயிற்றுக்கு ஒரு சி.டி. ஸ்கேன் எடுத்தால் கிடைப்பதைவிடக் குறைவு. உண்மையான ஆபத்து சூரியப் புயல்தான். 1972 ஆகஸ்டில் பெரிய புயல் ஒன்று அடித்தது, அப்பல்லோ 16-க்கும் 17-க்கும் நடுவில். அதில் அவர்களுக்கு அதிர்ஷ்டம் இருந்தது என்றே சொல்ல வேண்டும்.

அசல் வீடியோ நாடாக்களை நாசா அழித்துவிட்டது என்பதும் உண்மை, அதை மழுப்ப வேண்டியதில்லை. நிலவிலிருந்து வந்த தெளிவான சிக்னலைப் பதிந்த நாடாக்களை, நாடாத் தட்டுப்பாட்டில், வேறு பதிவுகளுக்குத் திரும்பப் பயன்படுத்திவிட்டார்கள். தேடிப் பார்த்துவிட்டு 2009-ல் அவர்களே ஒப்புக்கொண்டார்கள். மகா அசட்டுத்தனம். ஆனால் தொலைந்தது தரம் மட்டும். ஒளிபரப்பான படம் பல நாடுகளின் தொலைக்காட்சி நிலையங்களில் பதிவாகி இருக்கிறது, அந்தச் சிக்னலை வாங்கியதில் ஆஸ்திரேலியாவின் ஹனிசக்கிள் கிரீக், பார்க்ஸ் நிலையங்களும் உண்டு.

கடைசியாக, ஏன் இத்தனை வருடம் மறுபடி போகவில்லை? பணம். 1966-ல் அமெரிக்க மத்திய பட்ஜெட்டில் நூற்றுக்கு நான்கு ரூபாய்க்கு மேல் நாசாவுக்குப் போனது, இன்று அரை ரூபாய்கூட இல்லை. சுமார் 4 லட்சம் பேர் வேலை செய்த திட்டம் அது. ரஷ்யர்களை முந்தியாகிவிட்டது, வியட்நாம் போர் காசைத் தின்றுகொண்டிருந்தது. அப்பல்லோ 18, 19, 20 மூன்றையும் 1970-லேயே ரத்து செய்துவிட்டார்கள். 1972 ஜனவரியில் நிக்சன் ஒப்புதல் கொடுத்த ஸ்பேஸ் ஷட்டில் பூமியைச் சுற்றி வரும் வண்டி, நிலவு வரை போகாது. அப்பல்லோவை ஏற்றிச் சென்ற சாட்டர்ன் 5 ராக்கெட்டின் வரைபடங்கள் இருக்கின்றன. அதன் ஆயிரக்கணக்கான பாகங்களைச் செய்த தொழிற்சாலைகளும் கைகளும்தான் இல்லை, எனவே புதிதாக ஒன்றைச் செய்ய வேண்டியிருந்தது. அது 2022 நவம்பரில் ஆர்ட்டெமிஸ் 1 கலத்தை ஆளில்லாமல் நிலவுக்கு அனுப்பியபோதுதான் முதன்முறையாகப் பறந்தது.